முந்தி வந்த படகு தோற்கும் கணக்கு

சிறிய கட்டமரான் படகுகளின் பந்தயத்தில், எல்லைக்கோட்டை முதலில் தாண்டும் படகுக்கே பரிசு என்ற உறுதி இல்லை. முதலாவதாக வந்த படகு பட்டியலில் நான்காம் இடத்துக்குப் போகலாம். பத்துப் பதினொரு நிமிடம் பிந்தி வந்த படகு கோப்பையைத் தூக்கலாம். படகின் நீளம், எடை, பாயின் பரப்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு வகைக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறித்திருப்பார்கள். ஓடி முடித்த நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவது திருத்திய நேரம். அது யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். ஹேண்டிகேப் எனப்படும் இந்த ஏற்பாட்டின் தாய்வீடு குதிரைப் பந்தயம். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் பந்தயம் பார்த்தவர்களுக்கு, வல்ல குதிரையின் சேணத்தில் கூடுதல் எடை ஏற்றும் வழக்கம் தெரிந்திருக்கும். படகுப் பந்தயத்தில் அந்த எடையைக் கடிகாரத்தில் ஏற்றுகிறார்கள்.

கட்டமரான் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது மரங்களைக் கயிற்றால் பிணைத்த மீனவர் கட்டுமரம். பந்தயப் படகு அதுவல்ல. பெயர் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. வடிவம் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. மெலிந்த இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, முன்சட்டத்தின் நடுவே உயர்ந்த பாய்மரம். இவ்வளவுதான் படகு. நீளம் பெரும்பாலும் 4 மீற்றருக்கும் 6 மீற்றருக்கும் இடையில். ஒருவரோ இருவரோ ஓட்டுவர். துறைமுகம் வேண்டாம், மணற்கரையிலிருந்து தள்ளிவிட்டால் போதும்.

கடலில்லாத மாவட்டம்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. தண்ணீருக்கோ குறைவில்லை. தம்புள்ளைக்கு அருகே கண்டலம, மகாவலி நீரை வடக்கே திருப்பும் போவதென்ன, கலேவெலப் பக்கம் தேவஹுவ, 2017இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த, லக்கலப் பகுதியில் களுகங்கை என்று குளங்களும் நீர்த்தேக்கங்களும் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மிதப்பவை பெரும்பாலும் இரண்டே வகை. மீனவர்களிடம் இருப்பது பக்கமிதவை கட்டிய ஒடுங்கிய தோணி. முன்பு மரத்தில் குடைந்தார்கள், இப்போது கண்ணாடியிழையில் வார்க்கிறார்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனை நம்பி இரண்டு பேர் அதில் வலை விரிக்கிறார்கள். சீகிரியாவைச் சுற்றிய கிராமங்களில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகு வேறு விதம். இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே பலகை அடித்து, இருக்கை போட்டிருப்பார்கள். பயணிகளுக்கு அதை அறிமுகப்படுத்தும்போது கட்டமரான் என்றே சொல்கிறார்கள். சொல்வதில் தவறும் இல்லை. இரட்டை உடல் என்ற தத்துவம் அதில் அப்படியே இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, இந்த இரண்டையும் ஒரே குளத்தில் போட்டிக்கு நிறுத்தினால் என்ன ஆகும்? மீனவர் தோணி ஒடுக்கமானது, எடை குறைந்தது. சுற்றுலாப் படகு அகலமானது, கவிழாது, ஆனால் கனமானது. துடுப்புப் போட்டால் தோணிதான் முந்தும். பாய் கட்டினால், காற்று எழுந்த நேரத்தில் சாயாமல் நிற்கும் அகலப்படகு பெரிய பாயைத் தாங்கும். அப்போது கதை மாறலாம். தோற்றவர் கரைக்கு வந்ததும் சொல்லப்போவது ஒன்றுதான்: "அவருடைய படகு அப்படி." அந்த முறைப்பாட்டில் நியாயம் எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே உலகின் பாய்ப்படகு சங்கங்கள் ஒன்றரை நூற்றாண்டாகச் சூத்திரம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இலங்கையில் பாய்ப்பந்தயம் பெரும்பாலும் ஒற்றை உடல் படகுகளில் நடப்பது. பொல்கொட ஏரியில் என்டர்பிரைஸ், ஜி.பி. 14, லேசர் போன்ற வகைகள் தத்தம் வகைக்குள்ளேயே போட்டியிடும். பாய் கட்டிய பக்கமிதவைத் தோணிகள், சிங்களத்தில் ஒருவா எனப்படுபவை, நீர்கொழும்பில் போட்டிக்கு இறங்குவதுண்டு. கலப்பு வகைக் கட்டமரான்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்படும் பந்தயத்துக்கு ஐரோப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

1876: வென்றதால் நீக்கப்பட்ட படகு

இரட்டை உடல் படகுக்கும் பந்தய விதிகளுக்கும் இடையிலான தகராறு பழையது. 1660களில் அயர்லாந்தில் வில்லியம் பெற்றி இரட்டை உடல் படகுகளைக் கட்டி, டப்ளின் விரிகுடாவில் சாதாரணப் படகுகளோடு ஓட்டிக் காட்டினார். அது அறிஞர்களின் ஆர்வத்தோடு நின்றுவிட்டது. 1876இல் நடந்தது அப்படி நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 22ஆம் திகதி நியூயோர்க்கில் அமெரிக்க சுதந்திர நூற்றாண்டையொட்டி நடந்த பந்தயத்தில், நதானியல் ஹெரெஷோஃப் என்ற இளம் வடிவமைப்பாளர் தாமே கட்டிய அமரிலிஸ் என்னும் கட்டமரானோடு இறங்கினார். அக்காலத்தின் பேர்பெற்ற படகுகளையெல்லாம் அது எளிதாகத் தாண்டிப் போனது. மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நடுவர்கள் அமரிலிஸைப் பட்டியலிலிருந்து நீக்கிப் பரிசை அடுத்த படகுக்குக் கொடுத்தார்கள்.

அந்தத் தீர்ப்பு பொறாமை என்று இன்று எழுதுபவர்கள் உண்டு. முழு உண்மை அதுவல்ல. அக்காலத்து விதிகள் படகை நீளத்தை வைத்தே பிரித்தன. அதே நீளத்தில் இரண்டு மடங்கு அகலமும், பாதிக்கும் குறைந்த எடையும் கொண்ட படகு வரும் என்று விதி எழுதியவர்கள் எண்ணியிருக்கவில்லை. அளக்கத் தெரியாததை வெளியே தள்ளினார்கள். அதன் விலை பெரிது: அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இரட்டை உடல் படகுகள் பிரதானப் பந்தயங்களில் தலைகாட்டவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கைக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1967இல் ரொட்னி மார்ச் வடிவமைத்த டோர்னாடோ, 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர் 1970 வாக்கில் வெளியிட்ட ஹோபி 16, ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகி உலகின் கடற்கரைகளை நிறைத்தது. வகைகள் பெருகின. ஒவ்வொரு ஊரிலும் நான்கு வகையில் இரண்டிரண்டு படகு என்ற நிலை வந்தது. பந்தயம் நடத்த வேண்டுமென்றால் அவற்றைச் சேர்த்து ஓட்டியாக வேண்டும்.

மூன்று வழிகள்

சமமான போட்டிக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த படகை ஓட்டுவது. ஹோபி 16 அப்படிப்பட்டது. உலகப் போட்டிகளில் ஓட்டுநர் சோடியின் மொத்த எடை 129.3 கிலோகிராமுக்குக் குறைந்தால், வித்தியாசத்தைச் சுமையாகப் படகில் ஏற்ற வேண்டும். இதைவிடச் சுத்தமான முறை இல்லை. ஆனால் ஒரே வகையில் பத்துப் பதினைந்து படகு ஓரிடத்தில் சேர வேண்டும்.

இரண்டாவது, எல்லை மட்டும் வகுத்துவிட்டு, அதற்குள் எப்படி வேண்டுமானாலும் கட்டு என்று விடுவது. ஃபோர்முலா 18 வகை 1990களில் பிரான்சில் இப்படித் தோன்றியது. நீளம் 5.52 மீற்றர், அகலம் 2.60 மீற்றர், எடை குறைந்தது 180 கிலோகிராம், பெரும்பாய் 17 சதுர மீற்றர். இந்தச் சட்டகத்துக்குள் எந்தக் கம்பனியும் தன் படகைக் கட்டலாம். இந்த வகையில் இன்னொரு நுட்பமும் நீண்ட காலம் இருந்தது. எடை கூடிய சோடி 4.15 சதுர மீற்றர் முன்பாயும், காற்றோடு போகையில் விரிக்கும் 21 சதுர மீற்றர் ஸ்பின்னக்கர் பாயும் கட்டலாம். எடை குறைந்த சோடிக்கு அவை 3.45, 19 சதுர மீற்றர். மனித உடலின் வேறுபாட்டைப் பாயின் அளவால் சரிசெய்த இந்த யோசனை, ஹேண்டிகேப் சூத்திரங்கள் பலவற்றைவிடக் கெட்டித்தனமானது.

மூன்றாவதுதான் ஹேண்டிகேப். வகை எதுவானாலும் கொண்டுவரலாம், எண் பார்த்துக்கொள்ளும். சிறிய கழகங்களுக்கும், படகு வாங்க வசதி குறைந்த ஊர்களுக்கும் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி.

அளந்து எண் போடுவது

எண் போடுவதில் இரு பள்ளிகள் உள்ளன. ஒன்று படகை அளக்கும். மற்றது படகு இதுவரை ஓடிய ஓட்டங்களை அளக்கும்.

அளக்கும் பள்ளியில் பேர்பெற்றவை இரண்டு. ஒன்று நெதர்லாந்தின் டெக்சல் தீவில் பிறந்த டெக்சல் மதிப்பீடு. 1978 முதல் அந்தத் தீவைச் சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்துக்குக் கட்டமரான் பந்தயம் நடந்துவருகிறது. நூற்றுக்கணக்கான படகுகள் பல வகைகளில் ஒரே மணற்கரையிலிருந்து கிளம்பிய ஆண்டுகள் உண்டு. எண் இல்லாமல் முடிவு சொல்ல வழியில்லை. மற்றது எஸ்.சி.எச்.ஆர்.எஸ். என்ற சிறு கட்டமரான் மதிப்பீட்டு முறை. வேர்ல்ட் செய்லிங் எனும் உலகப் பாய்ப்படகு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இம்முறையே பிரிட்டன் முதலிய நாடுகளில் கட்டமரான்களுக்குப் புழக்கத்தில் உள்ளது. டெக்சலில் எண்கள் 100ஐச் சுற்றி வரும், எஸ்.சி.எச்.ஆர்.எஸ்.இல் 1ஐச் சுற்றி வரும். இரண்டிலும் எண் சிறுத்தால் படகு வேகம்.

கணக்கு எளிது. விளக்கத்துக்காக இரண்டு எண்களை எடுத்துக்கொண்டால், வேகமான படகுக்கு 1.00, மெதுவான படகுக்கு 1.20. முதல் படகு சரியாக 60 நிமிடத்தில் முடிக்கிறது. இரண்டாவது 71 நிமிடத்தில் வருகிறது. 71 நிமிடம் என்பது 4260 செக்கன், 1.20ஆல் வகுத்தால் 3550 செக்கன், அதாவது 59 நிமிடம் 10 செக்கன். கரையில் நின்றவர்கள் கைதட்டியது முதல் படகுக்கு. கோப்பை போவது இரண்டாவதுக்கு, 50 செக்கன் வித்தியாசத்தில்.

அந்த 1.20 எங்கிருந்து வருகிறது என்பதுதான் நுணுக்கம். நீளம், பாய்ப்பரப்பு, எடை ஆகிய மூன்றே அடிப்படை. ஒற்றை உடல் படகு தானே எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்ளும். நீர்மட்டத்தில் 5 மீற்றர் நீளமுள்ள சாதாரணப் படகுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5.4 நொட். கட்டமரானின் உடல் கத்திபோல் மெலிந்திருப்பதால் இந்த எல்லையை லேசாக மீறிவிடும். நல்ல காற்றில் ஃபோர்முலா 18 படகு 20 நொட்டைத் தொடும். ஆகவே நீளத்தின் மதிப்பு கட்டமரானில் குறைவு. டெக்சல் சூத்திரத்தில் நீளத்தின் அடுக்கு 0.3, பாய்ப்பரப்பின் அடுக்கு 0.4, எடை இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று வேகத்தைக் குறைக்கும். அடுக்கு 0.4 என்றால், பாயை இரு மடங்காக்கினாலும் சூத்திரம் எதிர்பார்க்கும் வேகம் 32 வீதம்தான் கூடும். பாய் பெரிதானால் படகு பறக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

மூன்று எண்களோடு கதை முடிவதில்லை. உடலின் அடியில் நீருக்குள் இறக்கும் பலகை உண்டா, எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறார்கள். அது பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுத்து, காற்றுக்கு எதிராக ஏறும் கோணத்தைக் கூர்மையாக்கும். ஹோபி 16இல் அப்படிப் பலகை இல்லை. உடலின் சமச்சீரற்ற வடிவமே அந்த வேலையைச் செய்கிறது. கரைக்கு ஏற்ற இது எளிது, எதிர்க்காற்றில் நட்டம். ஸ்பின்னக்கர் பாய் எவ்வளவு பெரிதானாலும் காற்றோடு போகும்போது மட்டுமே உதவுவதால் அதன் பரப்பு முழுதாகக் கணக்கில் சேராது. ஓட்டுநரின் எடைக்கு ஒரு தரப்படுத்திய அளவு வைத்துப் படகெடையோடு கூட்டுகிறார்கள்.

அளவெடுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு சில்லறை வேலை இது என்று விளங்கும். படகு காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கயிறும் நனைந்த வலைத்துணியும் சேர்ந்தே ஓரிரு கிலோகிராமைக் கூட்டிவிடும். உடலின் அடைப்புகளைக் கழற்றி உள்ளே தேங்கிய நீரை வடிப்பார்கள். பாயைத் தட்டையான தரையில் விரித்து, உயரத்தோடு கால், அரை, முக்கால் உயரங்களில் அகலத்தையும் நாடாவால் அளப்பார்கள். கட்டமரானின் பாய்மரம் காற்றுக்கேற்பத் திரும்பும் சிறகு வடிவத்தில் இருப்பதால் மரத்தின் பக்கப் பரப்பும் பாயோடு சேரும். பாயை மட்டும் அளந்து மரத்தை விட்டால், மரத்தைத் தடிப்பாக்கிச் சலுகை பெறுபவர் வந்துவிடுவார். எடை குறைந்த படகில் ஈயத்துண்டைக் குறுக்குச் சட்டத்தில் திருகி, இடத்தையும் எடையையும் சான்றிதழில் எழுதுவார்கள்.

இந்தச் சில்லறை வேலையில் அசட்டையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெரிய படகுகளின் உலகம் காட்டியிருக்கிறது. 1970களிலும் 80களிலும் ஆழ்கடல் பந்தயத்தை ஆண்ட ஐ.ஓ.ஆர். என்ற சர்வதேச விதி, படகின் உடலைக் குறித்த சில புள்ளிகளில் மட்டும் அளந்தது. வடிவமைப்பாளர்கள் சரியாக அந்தப் புள்ளிகளில் புடைப்பு வைத்துப் படகு கட்டத் தொடங்கினார்கள். விதிப்படி மெதுவான, உண்மையில் கையாளக் கடினமான படகுகள் பிறந்தன. எந்தச் சூத்திரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஓட்டத்தை வைத்து எண் போடுவது

மற்றப் பள்ளிக்கு நாடாவும் தராசும் வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கிலாந்தில் எஸ். சில்வுட் மில்லெட்ஜ் உருவாக்கிய போர்ட்ஸ்மவுத் அளவுகோல் இதற்கு முன்னோடி. கழகங்கள் தத்தம் பந்தய முடிவுகளை அனுப்பும். எந்த வகை சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து எண் திருத்தப்படும். ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பது கணக்கு. அமெரிக்காவில் ஒரு படி மேலே போய், காற்றின் வேகத்துக்கேற்ப ஒரே வகைக்கு வெவ்வேறு எண்கள் கொடுத்தார்கள்.

இதன் பலம், சூத்திரத்தை ஏமாற்ற முடியாதது. படகு உண்மையில் வேகமானால் எண் தானே இறங்கும். பலவீனமும் அதே இடத்தில்தான். எண் படகை மட்டும் அளப்பதில்லை, படகில் ஏறியவரையும் சேர்த்து அளக்கிறது. ஒரு வகையைத் தேர்ந்த ஓட்டுநர்கள் மட்டுமே வாங்கினால் அதன் எண் கடுமையாகிவிடும். பிறகு அதே படகை வாங்கும் புதியவர் ஒருநாளும் வெல்லமாட்டார். போதிய தரவு வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். இரண்டு படகு ஐந்து முறை ஓடிய கணக்கிலிருந்து எண் எடுப்பது குருட்டுக் கணக்கு.

இலங்கை வாசகருக்கு இந்தச் சர்ச்சை புதிதல்ல. பல்கலைக்கழக அனுமதியில் 2001 முதல் பயன்படும் இசட் புள்ளி, கடினமான பாடம் எடுத்தவரையும் எளிய பாடம் எடுத்தவரையும் ஒரே தட்டில் வைக்கச் செய்த ஏற்பாடு. அதற்கு மேல் மாவட்ட ஒதுக்கீடு: பெரும்பாலான துறைகளில் 40 வீதம் தேசியத் தகுதி, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாத்தளை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இல்லை. ஆகவே றத்தோட்டைத் தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளையும் மாத்தளை நகரின் பெரிய பாடசாலையில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளியில் நிற்கிறார்கள். படகு எண்ணிலும் இதே குறை உண்டு. எண் வகைக்குத்தான், தனிப்படகுக்கு அல்ல. இருபது வருடப் பழைய, பாய் தளர்ந்த ஹோபி 16க்கும் போன மாதம் பெட்டியிலிருந்து எடுத்த ஹோபி 16க்கும் எண் ஒன்றே. சராசரியால் நியாயம் செய்யும் எந்த முறையிலும் சராசரிக்குக் கீழே நிற்பவர் நட்டப்படுவார்.

எண்ணுக்கு அகப்படாதவை

முதலாவது காற்று. ஒரு வகைக்கு ஒரே எண் என்றால் அது எல்லாக் காற்றுக்கும் பொதுவான எண். மெல்லிய காற்றில், குறைந்தது 75 கிலோகிராம் எடையும் 13.94 சதுர மீற்றர் பாயும் கொண்ட ஏ வகைத் தனியாள் கட்டமரான் தண்ணீரில் உராயாமல் வழுக்கிப் போகும். காற்று ஓங்கும்போது கதை வேறு. இருவர் கம்பியில் தொங்கி உடல்பாரத்தைக் காற்றுப்பக்கம் தள்ளும் அகலமான படகு பலம் பெறும். எந்த நாளில் பந்தயம் என்பதே பாதி முடிவு.

மாத்தளையின் குளங்களில் இது இன்னும் கூர்மையாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மட்டக்களப்பார் கச்சான் என்றும் யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் சொல்வது, மத்திய மலைநாட்டைக் கடந்து ஈரம் இழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மலை இடுக்குகளைத் தாண்டி வரும் காற்று சீராக வராது; வேகமாக அடித்து, அடங்கி, திசை மாறி அடிக்கும். கண்டலமவின் ஒரு கரையில் நுரை தெறிக்கும்போது காட்டோரம் ஒதுங்கிய பகுதியில் இலை அசையாமல் இருக்கலாம். இப்படியான இடத்தில் இரண்டு வீத வித்தியாசத்தைச் சரிசெய்யும் எண்ணைக் காட்டிலும், அடுத்த வீச்சு எங்கே இறங்கும் என்று கண்டுகொண்ட கண் அதிகம் சம்பாதிக்கும். வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பாதையே சுருங்கும். ஆழப் பலகை வைத்த படகு தரை தட்டும், பலகையில்லாத படகு தப்பும். எந்தப் பட்டியலிலும் இதற்கு எண் கிடையாது.

இரண்டாவது, நேரம். மெதுவான படகு இன்னும் பாதையில் இருக்கும்போது காற்று விழுந்துவிட்டால், அதன் ஓட்டுநர் வேகமான படகு சந்திக்காத காற்றில் ஓட வேண்டியிருக்கிறது. மாலை நேரத்தில் முடியும் பந்தயங்களில் இது வழக்கமான தலைவலி. காற்று கூடினால் லாபம் மறுபக்கம். சூத்திரம் ஒரே காற்றில் ஓடிய இரண்டு படகுகளையே கற்பனை செய்கிறது.

மூன்றாவது, நீரடிச் சிறகு. படகின் அடியில் வைத்த சிறகு குறித்த வேகத்தில் உடலையே நீருக்கு மேல் தூக்கிவிடும். தூக்கும் வரை அது பாரம். தூக்கிய மறுகணம் வேகம் பெருமளவு பாயும். 2016இல் ஒலிம்பிக்குக்கு வந்த நக்ரா 17, தோக்கியோ போட்டிக்குள் முழுதாக எழும் படகாக மாற்றப்பட்டது. இப்படிப் படியேறும் வேகத்தை ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பது வீண்வேலை. ஏ வகைச் சங்கத்தார் இதை ஒப்புக்கொண்டு, எழும் படகுகளுக்கு ஒரு பிரிவு, எழாதவற்றுக்கு ஒரு பிரிவு என்று தங்கள் வகையையே இரண்டாகப் பிரித்தார்கள். ஹேண்டிகேப் எங்கே கைவிரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நான்காவதை முறையே வேண்டுமென்று விட்டுவிடுகிறது: ஓட்டுநரின் திறமை. படகுக்கு எண் உண்டு, ஆளுக்கு இல்லை. சில கழகங்கள் தங்கள் வாரப் பந்தயங்களில் தனிநபர் ஹேண்டிகேப் வைத்துப் புதியவர்களுக்குச் சலுகை தருவதுண்டு. ஊக்கத்துக்கு அது நல்லது. சாம்பியன் யார் என்று கேட்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

சிறிய குளத்துக்கு எது பொருந்தும்?

ஐந்தாறு படகு மட்டும் உள்ள இடத்தில் ஓட்டத்தை வைத்து எண் போடும் முறை சரிவராது. தரவு சேரும் முன் படகுகள் பழசாகிவிடும். அளந்து போடும் எண்ணே அங்கே தகும். வகைகள் ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக இருந்தால், எந்த எண்ணும் அவற்றைச் சேர்க்காது. மிதவைத் தோணியையும் நீரடிச் சிறகு வைத்த படகையும் ஒரே பட்டியலில் எழுதுவது நியாயமும் இல்லை, பார்க்க அழகும் இல்லை. எண் வித்தியாசம் குறைந்தவற்றை ஒரு கூட்டமாகப் பிரித்துவிட்டு, கூட்டத்துக்குள் ஹேண்டிகேப் வைப்பதே புத்தி.

முடிவை அறிவிக்கும் முறையும் முக்கியம். திருத்திய நேரத்தில் வெற்றி சொன்னால், குளக்கட்டில் குந்தியிருக்கும் சனத்துக்கு யார் வென்றார் என்று அரை மணித்தியாலம் தெரியாது, தெரிந்தாலும் நம்பமாட்டார்கள். இதற்குத் துரத்தல் பந்தயம் என்ற வழி உண்டு. சலுகையை முடிவில் கொடுக்காமல் தொடக்கத்தில் கொடுப்பது. மெதுவான படகு முதலில் புறப்படும். 1.20 எண் கொண்ட படகுக்கு 72 நிமிட ஓட்டமென்றால், 1.00 எண் கொண்ட படகு 12 நிமிடம் பிந்திக் கிளம்பும். எண் சரியென்றால் இரண்டும் கடைசி மிதவையை ஒட்டி நெருங்கும். முதலில் கோட்டைத் தாண்டுபவரே வென்றவர், கூட்டிக் கழிக்க எதுவுமில்லை. குறையும் உண்டு: காற்று மாறினால் தொடக்க இடைவெளியைத் திருத்த வழியில்லை, நெருங்கிய படகுகள் திருப்பங்களில் முட்டிக்கொள்ளும். ஆனாலும் பார்வையாளருக்கு விளங்கும் பந்தயம் அதுவே. உள்ளூர்க் குளங்களில் பாய்ப்பந்தயம் ஒன்று வேரூன்ற வேண்டுமானால் துரத்தல் முறையிலிருந்து தொடங்குவதே நல்லது.

அதற்குத் தேவையானவை அதிகமில்லை: அளவுநாடா, தராசு, ஒரு கடிகாரம், அளவெடுத்தவரும் படகுக்காரரும் கையெழுத்திட்ட சான்றிதழ். எண் பட்டியல் பந்தயத்துக்கு முன்பே எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்பட வேண்டும். அந்தப் பருவம் முடியும்வரை, வென்றவர் யாராக இருந்தாலும், அதில் கை வைக்கக் கூடாது.